கீழ்த்தளத்திலிருந்து மாடிக்கு 180 ஜிபி

கடைக்குள் கம்ப்யூட்டர்களுக்கும் செல்போனுக்கும் நடுவே கோப்பு அனுப்ப "எந்த ஆப் நல்லது?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியை இரண்டு முறை படித்தபின், நீங்கள் கேட்க வந்தது வேறு என்று எனக்குப் பட்டது. வடக்கு மாசி வீதியில் அப்பாவின் ஸ்டூடியோ. கீழே இரண்டு கம்ப்யூட்டர், மாடியில் எடிட்டிங்குக்கு ஒன்று. ஒரு முகூர்த்தம் முடிந்தால் படமும் வீடியோவுமாக 180 ஜிபி வரை சேர்கிறது. கீழே உள்ள இரண்டுக்கும் கேபிள் இருந்தும் வேகம் வினாடிக்கு 11 மெகாபைட்டைத் தாண்டுவதில்லை. செல்போனிலிருந்து அனுப்பினால் 4 அல்லது 5. மாடிக் கம்ப்யூட்டருக்கோ கீழே இருப்பவை கண்ணிலேயே படுவதில்லை; பென் டிரைவைத் தூக்கிக்கொண்டு படியேறுகிறீர்கள். மூன்று ஆப்களை மாற்றியும் பலனில்லை. போதாததற்கு நெட் தீர்ந்துவிடுமோ என்ற பயம். ஒரே கடைக்குள், ஒரே வைஃபை பெயரில் இருக்கும் கருவிகள் ஏன் ஒன்றோடொன்று பேச மறுக்கின்றன, பேசினாலும் ஏன் இழுத்து இழுத்துப் பேசுகின்றன என்பதுதான் கேள்வி. அதற்கான விடையை ஆப்பில் தேடிப் பயனில்லை. கோப்பு எந்த வழியாகப் போகிறது என்று பார்க்க வேண்டும்.

நான் இருபது வருடங்களுக்கு மேலாக மதுரையில் அச்சகங்கள், ஸ்டூடியோக்கள், பள்ளி அலுவலகங்கள் என்று நெட்வொர்க் போட்டுக் கொடுத்து வருகிறேன். உங்கள் கடையைப் பார்க்காமல் எழுதுவதால், எது உறுதி, எது என் ஊகம் என்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் நெட் பயத்தை விட்டுவிடுங்கள். இது உறுதி. ஒரே ரவுட்டருக்குக் கீழே இருக்கும் இரண்டு கருவிகளுக்கு நடுவே கோப்பு போனால், உங்கள் நெட் கணக்கில் ஒரு எம்பிகூடக் குறையாது. இணைய இணைப்பே அறுந்து கிடந்தாலும் கோப்பு போகும். 192.168 என்று தொடங்கும் முகவரியைப் பார்த்திருப்பீர்கள். அது மாரியம்மன் கோவில் தெரு மாதிரி. எல்லா ஊரிலும் ஒன்று இருக்கும். அந்த ஊருக்குள் கேட்டால் யாரும் வழி சொல்வார்கள், ஊர்ப் பெயர் இல்லாமல் வெளியில் கேட்டால் யாருக்கும் தெரியாது. உள்முகவரிக்குப் போகும் கோப்பு ரவுட்டரோடு திரும்பிவிடும். வாட்ஸ்அப்பிலோ கூகுள் டிரைவிலோ அனுப்புவது இதற்கு நேர் எதிர். மேலமாசி வீதியிலிருந்து கீழமாசி வீதிக்குச் சென்னை வழியாகப் போவது போல, அடுத்த அறைக்குப் போக வேண்டிய படம் எங்கோ இருக்கும் சர்வர் வரை ஏறி இறங்குகிறது. போதாக்குறைக்கு, வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரத்தையும் குறைத்துவிடும். ஆல்பத்துக்குப் போகும் படத்தை அந்த வழியில் அனுப்பவே கூடாது.

இனி அந்த 11. நீங்கள் எழுதியதிலேயே என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது இந்த எண்தான். கேபிள் வேகத்தை மெகாபிட்டில் சொல்வார்கள், காப்பி ஆகும்போது திரையில் தெரிவது மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். 100 மெகாபிட் வழியை எட்டால் வகுத்தால் பன்னிரண்டரை. முகவரி, சரிபார்ப்பு என்று வழிச்செலவு போக மிஞ்சுவது 11 சொச்சம். உங்கள் கேபிள் வழி 1000 மெகாபிட்டில் இல்லை, 100-இல் ஓடுகிறது என்பது உறுதி. 1000-இல் ஓடினால் 110-ஐ ஒட்டி வரும். 180 ஜிபி போக இப்போது நாலரை மணி நேரம் ஆகிறது. அப்போது அரை மணி நேரத்துக்குள் முடியும். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் அதன் வேகமே குறுக்கே நிற்கும் என்பதால் கொஞ்சம் கூடுதலாகலாம். ஆயிரக்கணக்கான சின்னப் படங்களாக இருந்தாலும் அப்படித்தான். ஒரே பெரிய வீடியோ போகும் வேகத்தில் அவை போகாது.

ஏன் 100-இல் ஓடுகிறது என்பதில்தான் எனக்கு ஊகம். ஒன்று, ரவுட்டரின் துளைகளே 100 மெகாபிட் வகையாக இருக்கலாம். நெட் கம்பெனிகள் கொடுக்கும் பெட்டிகளில் இது சகஜம். இரண்டு, கேபிள். வெளியே ஒரே உறையாகத் தெரியும் அந்தக் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள் நான்கு ஜோடியாக முறுக்கிக் கிடக்கும்: ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு. வழக்கமான வரிசையில் முனை அடித்திருந்தால், ஆரஞ்சும் பச்சையும் மட்டும் உயிரோடு இருந்தாலே 100-இல் ஓடிவிடும். 1000-க்கு நான்கு ஜோடியும் வேண்டும். ஒன்றில் பழுது வந்தால் கம்ப்யூட்டர் புகார் எதுவும் செய்யாது. சத்தமில்லாமல் 100-க்கு இறங்கி ஓடிக்கொண்டே இருக்கும். அதனால்தான் வருடக்கணக்கில் யாரும் கவனிப்பதில்லை.

சிம்மக்கல் பக்கம் ஒரு அச்சகத்தில் இதே 11-ஐப் பார்த்தேன். கம்ப்யூட்டர் புதியது, ரவுட்டரும் புதியது. முனையைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால், தெளிந்த பிளாஸ்டிக்குக்குள் நான்கு கம்பிகள்தான் இருந்தன. நீலத்தையும் பழுப்பையும் காணோம். உறையை நீளத்துக்கு உரித்துப் பார்த்தபோது விஷயம் தெரிந்தது. முன்பு போட்டவர் ஒரே கேபிளை இரண்டாகப் பிரித்து, நான்கு கம்பியை இந்த மேசைக்கும் மிச்ச நான்கை அடுத்த மேசைக்கும் கொடுத்திருக்கிறார். கேபிள் மிச்சம் பிடித்த கெட்டிக்காரர்! அச்சகக்காரர் அதற்கு ஆறு வருடம் காத்திருப்பாகக் கொடுத்திருக்கிறார். உங்கள் கடையில் அப்படி இருக்க வேண்டும் என்றில்லை. நாற்காலிச் சக்கரம் ஏறிய இடமாக இருக்கலாம், எலி கடித்ததாகவும் இருக்கலாம்.

கண்டுபிடிப்பது சுலபம். விண்டோஸில் நெட்வொர்க் அமைப்புகளுக்குள் போய், ஈத்தர்நெட், அதாவது கேபிள் இணைப்பின் விவரத்தில் இணைப்பு வேகம் எவ்வளவு என்று பாருங்கள். 100 என்று இருந்தால், வேறொரு நல்ல கேபிளைப் போட்டு மறுபடி பாருங்கள். 1000 ஆகிவிட்டால் பழைய கேபிளைத் தூக்கி எறியுங்கள். ஆகவில்லை என்றால் ரவுட்டரின் துளை மீது சந்தேகம் வலுக்கிறது. அதற்காக ரவுட்டரை மாற்ற வேண்டாம். ஐந்து துளை உள்ள ஜிகாபிட் ஸ்விட்ச், அதாவது கேபிள்களை 1000 மெகாபிட்டில் ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டி ஒன்று வாங்கி, மூன்று கம்ப்யூட்டர்களையும் அதில் செருகி, ஸ்விட்சிலிருந்து ஒரே ஒரு கேபிளை ரவுட்டருக்குக் கொடுத்தால் போதும். கம்ப்யூட்டர்களுக்குள் போகும் கோப்பு ஸ்விட்சோடு நின்றுவிடும், ரவுட்டரின் மெதுவான துளையைத் தொடாது. கேபிள் 'கேட் 5இ' அல்லது 'கேட் 6' என்று அச்சிட்டதாக இருக்கட்டும். 100 மீட்டர் வரை பயமில்லை.

மாடிக் கம்ப்யூட்டர் கண்ணில் படாதது தனி வியாதி. மாடியில் சிக்னல் வரவில்லை என்று இன்னொரு ரவுட்டர் வாங்கி, கீழிருந்து கேபிள் இழுத்து, அதே வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பெயர் ஒன்றாக இருப்பதால் நெட்வொர்க்கும் ஒன்று என்று நினைத்துவிட்டீர்கள். பெரும்பாலும் நடந்திருப்பது இது: கேபிளை மாடி ரவுட்டரின் 'வான்' (WAN) என்று எழுதிய, நிறம் மாறிய தனித்துளையில் செருகியிருப்பீர்கள். அங்கே செருகினால் மாடி ரவுட்டர் தனக்கென்று ஓர் ஊரை உண்டாக்கி, அதற்கு மதிலும் எழுப்பிவிடும். மாடிக்கு இணையம் வரும், ஆனால் கீழே இருக்கும் கம்ப்யூட்டரால் மதிலைத் தாண்டி மாடிக்குள் வர முடியாது. மாடியில் இருப்பது எழுப்பும் 'யார் இருக்கிறீர்கள்?' என்ற குரலும் மதிலைத் தாண்டாது. ஊகம்தான், ஆனால் ஒரே நிமிடத்தில் உறுதிசெய்துவிடலாம். இரண்டு கம்ப்யூட்டரிலும் ஐபி முகவரியைப் பாருங்கள். முதல் மூன்று எண்களும் ஒன்றாக இருக்க வேண்டும். கீழே 192.168.1 என்றும் மாடியில் 192.168.0 என்றும் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

மாடி ரவுட்டரின் அமைப்புக்குள் 'ஆக்சஸ் பாயிண்ட்' என்ற நிலை, அதாவது தனி ஊர் உண்டாக்காமல் வைஃபையை மட்டும் கொடுக்கும் நிலை, இருந்தால் அதற்கு மாற்றுங்கள், வேலை முடிந்தது. இல்லையென்றால், அதன் முகவரியைக் கீழே உள்ள எதோடும் மோதாத ஓர் எண்ணுக்கு மாற்றி, அது முகவரி வழங்கும் வேலையை, அதாவது டிஎச்சிபியை, நிறுத்திவிட்டு, கேபிளை வான் துளையிலிருந்து பிடுங்கிச் சாதாரண லான் (LAN) துளையில் செருகுங்கள். இந்த வரிசை முக்கியம். டிஎச்சிபியை நிறுத்தாமல் கேபிளை மாற்றினால் இரண்டு ரவுட்டர்களும் போட்டி போட்டுக்கொண்டு முகவரி கொடுக்கும்; மொத்தக் கடையும் தடுமாறும்.

முகவரி ஒன்றாக இருந்தும் தெரியவில்லை என்றால் மூன்று இடங்களைப் பாருங்கள். ஒரு கருவி விருந்தினர் வைஃபையில் இருக்கலாம்; அது இருப்பதே மற்றவற்றைப் பார்க்கவிடாமல் தடுப்பதற்குத்தான். ரவுட்டரில் 'ஐசொலேஷன்' என்ற அமைப்பு போட்டிருக்கலாம். அதுவும் அதே வேலையைச் செய்யும். விண்டோஸ் உங்கள் கடையைப் பொது நெட்வொர்க் என்று எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தியிருக்கலாம். அதைத் தனிப்பட்ட நெட்வொர்க் என்று மாற்றுங்கள். வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் காவலான ஃபயர்வாலை அடியோடு அணைக்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

ஃபோல்டரைப் பகிரும்போது கடவுச்சொல் கேட்டுக் கேட்டு மறுக்கிறது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். கம்ப்யூட்டரைத் திறக்கும் நான்கு இலக்கப் பின் எண்ணைத்தான் அடித்திருப்பீர்கள் என்று பந்தயம் கட்டுகிறேன். அந்தப் பின் அந்த ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் செல்லும். நெட்வொர்க் வழியாக வருபவருக்கு அந்தக் கணக்கின் உண்மையான கடவுச்சொல் வேண்டும். பகிர்வுக்கென்றே ஒரு கணக்கு உண்டாக்கி, அதற்கு ஒரு கடவுச்சொல் வைத்துவிடுங்கள். 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்புக்குப் பிறகு, கடவுச்சொல்லே இல்லாத பகிர்வை விண்டோஸின் சில வகைகள் ஏற்பதில்லை. 'நேற்றுவரை திறந்த ஃபோல்டர் இன்று திறக்கவில்லை' என்று எனக்கு வரும் அழைப்புகளில் பாதி இதுதான். இதற்கு மருந்தாக, ஃபோல்டர் பகிர்வுக்கு விண்டோஸ் பேசும் மொழியான எஸ்எம்பியின் பழைய முதல் பதிப்பைத் திரும்ப இயக்கச் சொல்லும் வீடியோக்கள் உலவுகின்றன. செய்யாதீர்கள். 2017 மே மாதம் உலகம் முழுவதும் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை, அந்தப் பதிப்பின் ஓட்டை வழியாகத்தான் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவியது. உங்கள் மூலையில் இருக்கும் விண்டோஸ் 7 கம்ப்யூட்டருக்குக்கூட அது தேவையில்லை. அதற்கு இரண்டாம் பதிப்பு தெரியும்.

செல்போனின் 4, 5-க்கு வருகிறேன். போனில் வைஃபை விவரத்தைத் தொட்டுப் பாருங்கள். இணைப்பு வேகம் 65 அல்லது 72 மெகாபிட் என்று இருந்தால், போன் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அந்த எண்ணில் பாதிக்குச் சற்று மேல்தான் கைக்கு வரும். எட்டால் வகுத்தால் உங்கள் 4, 5 வந்துவிடும். மாசி வீதி மாதிரி கடையோடு கடை ஒட்டிய இடத்தில் ஆளுக்கொரு ரவுட்டர் இருக்கும். 2.4-இல் ஒன்றின் மேல் ஒன்று ஏறாத சானல்கள் மூன்றே மூன்று. இடம் எங்கே இருக்கிறது? 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறினால் பல மடங்கு வேகம் கூடும். ஆனால் அந்த அலைக்குச் சுவர் ஆகாது. உங்கள் பக்கத்துப் பழைய கட்டடங்களின் இரண்டு அடிச் சுண்ணாம்புச் சுவரும் நடுவே நிற்கும் இரும்பு பீரோவும் அதை விழுங்கிவிடும். அதனால் போனை ரவுட்டர் இருக்கும் அறைக்குக் கொண்டுவந்து அனுப்புங்கள். இன்னொன்று: வாங்கும் கம்ப்யூட்டரும் வைஃபையில் இருந்தால் ஒரே கோப்பு போனிலிருந்து ரவுட்டருக்கு ஒரு முறை, ரவுட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு முறை என்று காற்றில் இரண்டு தடவை போகிறது, வேகம் பாதியாகிவிடும். கம்ப்யூட்டரைக் கேபிளில் வைத்தால் ஒரு தடவையோடு போகும்.

இப்போதுதான் ஆப். எல்லாம் ஆண்ட்ராய்டும் விண்டோஸுமாக இருந்தால் கூகுளின் குவிக் ஷேர் போதும். 2020-இல் நியர்பை ஷேர் என்று வந்ததுதான் 2024-இல் சாம்சங்கின் குவிக் ஷேரோடு சேர்ந்துவிட்டது. ஐபோன்களுக்குள், ஐபோனுக்கும் மேக்குக்கும் நடுவே என்றால் ஏர்டிராப்பை மிஞ்ச ஆளில்லை. கலவையாக இருக்கும் கடைக்கு நான் போட்டுக் கொடுப்பது லோக்கல்சென்ட். இலவசம், மூல நிரலைத் திறந்தே வைத்திருக்கிறார்கள், விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஐபோன் எல்லாவற்றிலும் ஓடும், கோப்பை மறையாக்கம் செய்தே அனுப்பும். அது 53317 என்ற போர்ட்டை, அதாவது கம்ப்யூட்டருக்குள் நுழையும் எண்ணிட்ட வாசலை, பயன்படுத்துகிறது. ஃபயர்வால் அதற்கு வழிவிட வேண்டும். கருவி தானாகத் தெரியாவிட்டால் ஐபி முகவரியைக் கையால் அடித்துப் பாருங்கள். அடித்தால் போகிறது என்றால் பாதை நன்றாக இருக்கிறது, கூப்பிடும் குரல் மட்டும்தான் எங்கோ தடைபடுகிறது. அடித்தும் போகவில்லை என்றால் பாதையே அடைபட்டிருக்கிறது, மேலே சொன்னவற்றுக்குத் திரும்புங்கள். ஐபோனில் முதல் முறை உள்ளூர் நெட்வொர்க்கைப் பயன்படுத்த அனுமதி கேட்கும்போது 'வேண்டாம்' என்று அழுத்தியிருந்தால் எந்தக் கருவியும் தெரியாது. அமைப்புகளில் தனியுரிமைப் பகுதியில் அதைத் திரும்பக் கொடுக்கலாம். ஷேர்இட், செண்டர் (Xender) இரண்டும் 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு தடை செய்த 59 ஆப்களில் சேர்ந்தவை. யாரோ கொடுத்த கோப்பிலிருந்து அவற்றை இன்னும் நிறுவுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் என்ன கலந்திருக்கிறது என்று கொடுத்தவருக்கே தெரியாது.

வெளியில் படமெடுக்கும்போது ரவுட்டருக்கு எங்கே போவது என்றும் கேட்டிருந்தீர்கள். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் காலையில் வைகைக்குள் நின்றிருந்தால் தெரியும். லட்சக்கணக்கானவர்கள் ஒரே இடத்தில், போனில் சிக்னல் கோடு முழுதாக நிற்கும், ஒரு படம் போகாது. அங்கே ஓர் ஆண்ட்ராய்டு போனின் ஹாட்ஸ்பாட்டை இயக்கி, மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். அந்தப் போனே ரவுட்டர் ஆகிவிடும். லேப்டாப்பும் மற்றப் போன்களும் அதில் சேர்ந்து லோக்கல்சென்ட்டில் அனுப்பிக்கொள்ளலாம். டவர் தயவு வேண்டியதில்லை. ஒரே ஓர் இடறல்: சேரும் போன், 'இந்த வைஃபையில் இணையம் இல்லை, தொடரவா?' என்று கேட்கும். கவனிக்காமல் விட்டால் அது டேட்டாவுக்குத் தாவிவிடும், பாதியில் அறுந்துபோகும். தொடரச் சொல்லுங்கள், அல்லது அந்தப் போனிலும் டேட்டாவை அணைத்துவிடுங்கள்.

இனிச் சொல்வது என் வாயால் சொல்லவே கூசுகிறது. ஒரு காதணி விழாவின் ஃபோல்டரைக் கீழிருந்து மாடிக்கு நெட்வொர்க் வழியாகக் 'கட்' செய்து 'பேஸ்ட்' செய்தேன். இடம் மிச்சமாகுமே என்ற ஆசை. பாதியில் கரண்ட் போனது. கீழ்க் கம்ப்யூட்டருக்கு யுபிஎஸ் இருந்தது, மாடிக்கு இல்லை. கரண்ட் வந்தபின் பார்த்தால் கீழே பாதி, மேலே பாதி. மேலே கடைசியாக வந்த முப்பது நாற்பது படங்கள் பெயர் மட்டும் இருந்து உள்ளே வெறுமையாக இருந்தன. வாங்கிய கம்ப்யூட்டர் 'வந்துவிட்டது' என்று சொல்லிவிட்டு, ஹார்ட் டிஸ்க்கில் எழுதுவதற்குள் அணைந்திருக்கிறது. அந்தச் சொல்லை நம்பி அனுப்பியது அழித்துவிட்டது. தாய்மாமன் சீர் வரிசை மொத்தமும் அதில்தான். ஸ்டூடியோக்காரர் மெமரி கார்டை அழிக்காமல் சட்டைப் பையில் வைத்திருந்ததால் நான் தப்பித்தேன். அன்றிலிருந்து நெட்வொர்க் வழியாக நான் எதையும் நகர்த்துவதில்லை, காப்பிதான். முடிந்ததும் இரண்டு பக்கமும் கோப்பு எண்ணிக்கையும் மொத்த பைட்டும் ஒன்றா என்று பார்ப்பேன், இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில வீடியோக்களைத் திறந்து ஓட்டிப் பார்ப்பேன், அதற்குப் பிறகே மூலத்தை அழிப்பேன். மாடிக்கும் ஒரு யுபிஎஸ் போடுங்கள். மூலத்தை அழித்தபின் மாடியில் இருப்பதும் ஒரே பிரதிதான் என்பதால், ஆல்பம் கைக்குப் போகும் வரை வெளி ஹார்ட் டிஸ்க்கில் இன்னொன்று இருக்கட்டும்.

கடைக்கு வரும் வாடிக்கையாளர்கள் படம் தேர்ந்தெடுக்க உட்காரும்போது வைஃபை கேட்பார்கள். அவர்களுக்கு விருந்தினர் வைஃபையைக் கொடுங்கள். உங்கள் சொந்த நெட்வொர்க்கின் கடவுச்சொல்லைக் கொடுத்தால், இன்னொருவர் வீட்டுக் கல்யாணப் படங்கள் இருக்கும் ஃபோல்டரின் வாசல்வரை அவரைக் கூட்டிப்போகிறீர்கள் என்று அர்த்தம்.

நாளையே செய்ய வேண்டியது இரண்டுதான். கீழ்க் கம்ப்யூட்டரின் ஈத்தர்நெட் விவரத்தில் வேகம் 100-ஆ 1000-ஆ என்று பாருங்கள். மாடிக்குப் போய், கீழிருந்து வரும் கேபிள் ரவுட்டரின் எந்தத் துளையில் செருகியிருக்கிறது என்று பாருங்கள். இரண்டு கம்ப்யூட்டர்களின் ஐபி முகவரியையும் சேர்த்து இங்கேயே எழுதுங்கள். உள்முகவரிதான், வெளியில் சொல்வதால் கெடுதல் இல்லை. ஸ்விட்ச் வாங்குவதா, வெறும் கேபிள் மாற்றினால் போதுமா என்று அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.